பீன்யாவுக்கு வந்த ஃபெஸ் தட்டு

தட்டு எங்கள் கைக்கு வந்து சேர்ந்தபோதே விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவு. மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்தில், கடைக்காரர் அரபு செய்தித்தாளை நாலு சுற்றுச் சுற்றி, மேலே பழந்துணியும் கட்டிக் கொடுத்தாராம். இரண்டு விமானம் மாறி வந்த பெட்டிக்குள் எங்கோ அடி விழுந்திருக்கிறது. அட்லாண்டிக் கரையில் ஜோர்ஃப் லஸ்ஃபர் துறைமுகத்தை ஒட்டிய ரசாயன ஆலை ஒன்றுக்கு ஒப்பந்த வேலையாகப் போயிருந்த என் மைத்துனன், ஊருக்குத் திரும்பும் முன் ஃபெஸ்ஸைப் பார்க்கப் போய் வாங்கியது. "உடைஞ்சிருச்சே மாமா" என்று கையில் கொடுக்கவே தயங்கினான்.

அம்மா உடைந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தார். அவர் பிறந்தது காட்பாடிப் பக்கம், கரிகிரிக்கு அருகில். பச்சையும் பழுப்பும் நீலமுமாகப் பளபளக்கும் கரிகிரி ஜாடிகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். சில்லு போன இடத்தை நகத்தால் சுரண்டினார். "பீங்கான்னு நெனச்சேன். இது மண்ணுடா. மேலதான் வெள்ளை."

அவர் சொன்னது சரி. பீங்கானை உடைத்தால் உள்ளும் வெள்ளையாக இருக்கும். கயோலின் என்ற வெண்களிமண்ணை 1300 டிகிரியைத் தொடும் வெப்பத்தில் சுட்டு, மண்ணே பாதி கண்ணாடியாகிவிட்ட பொருள் அது. ஃபெஸ் தட்டு அப்படியல்ல. சுட்டால் வெளிர்ப் பழுப்பாகும் சாதாரணக் களிமண், அதன்மேல் பாலாடைபோல ஒரு வெள்ளை மெருகு, மெருகில் கரைந்த நீலக் கோடுகள். வெள்ளை மண் கிடைக்காத ஊர்களின் குயவர்கள் சீனத்துக் கிண்ணங்களைப் பார்த்து ஆசைப்பட்டுத் தங்கள் மண்ணுக்கு ஒரு வெள்ளைத் தோல் செய்துகொண்டார்கள். 1100 ஆண்டுகளுக்கு மேல் பழைய ஆசை. அந்த ஆசை போன கடல்வழியில் நம் ராமநாதபுரத்துப் பெரியபட்டினமும் இருக்கிறது என்று தெரியவந்த பிறகு, பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் இரண்டாவது ஸ்டேஜில் என் டூல் கிரைண்டிங் பட்டறையின் மேஜைமேல் இருக்கும் அந்தத் தட்டை வெளியூர்ப் பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை.

பீங்கான் என்ற சொல்லும் கடல்வழியில் வந்ததுதான். பாரசீகத்தில் கிண்ணத்துக்குப் 'பிங்கான்' என்று பெயர். அரபியில் 'ப' ஒலி கிடையாது. அங்கே அது 'ஃபிஞ்சான்' ஆயிற்று, காப்பி குடிக்கும் சிறு கோப்பைக்கு இன்றும் அதுவே பெயர். நம் கரையில் இறங்கியது பீங்கான் ஆனது. இலங்கையில் சிங்களவர்கள் சோற்றுத் தட்டைப் 'பிங்கான' என்கிறார்கள். ஒரே சொல், மூன்று வீட்டு அடுக்களையில்.

ஃபெஸ் குயவர்களின் பட்டறைகள் இன்று பழைய நகரத்து மதிலுக்கு வெளியே அய்ன் நொக்பி என்ற பகுதியில் இருக்கின்றன. சுற்றியுள்ள குன்றுகளில் வெட்டிய களிமண்ணைத் தொட்டியில் ஊறவைத்து, காலால் மிதித்து, காலாலேயே உதைத்துச் சுற்றும் சக்கரத்தில் ஏற்றுகிறார்கள். வெயிலில் காய்ந்ததை ஒருமுறை சுட்டு மெருகுக் குழம்பில் முக்கி எடுப்பார்கள். குழம்பு உலர்ந்ததும் பாண்டத்தின்மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் பொடி படிந்து நிற்கும். அதன்மேல்தான் எழுத வேண்டும். கழுதை அல்லது குதிரைப் பிடரி மயிரைக் கட்டிச் செய்த தூரிகை. பொடி ஈரத்தைச் சட்டென்று குடித்துவிடும் என்பதால் அழித்து எழுத வழியில்லை. நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் தெரியும். சிக்குக்கோலம் போடுகிற கைகளுக்கு இது புரியும்: கோடு எங்கே போய் முடியும் என்பது மனத்தில் இருந்தால்தான் முதல் வளைவே சரியாக விழும்.

எழுதும் நேரத்தில் அங்கே நீலம் என்பதே கிடையாது. கோபால்ட் ஆக்சைடு கரிப்பொடியைப்போலக் கறுப்பு. தண்ணீரில் குழைத்து எழுதினாலும் மங்கிய சாம்பல் கோடுகள்தான் தெரியும். எழுதுகிறவர் கறுப்பைப் பார்த்துக்கொண்டே நீலத்தை எண்ணி எழுதுகிறார். இரண்டாம் முறை சூளையில் ஏறி, 900 டிகிரிக்கு மேல் போய், மெருகு உருகிக் கண்ணாடியாகும்போது கோபால்ட் அதற்குள் கரைந்து நிறம் மாறுகிறது. நூற்றுக்கு ஒரு பங்குகூட வேண்டியதில்லை. அளவு மிஞ்சினால் மறுபடி கறுத்துவிடும். பழைய சூளைகளுக்கு எரிபொருள் எண்ணெய் பிழிந்தெடுத்த ஒலிவக் கொட்டைச் சக்கை. அதன் புகை கடுமை. இப்போது பலர் கேஸ் சூளைக்கு மாறியிருக்கிறார்கள்.

எங்கள் தட்டின் நடுவில் எட்டு இதழ் நட்சத்திரம். சுற்றிலும் இலைக்கொடி. கொடிக்கு இடையில் வெள்ளை மெருகில் மூன்று சிறு வடுக்கள். முதலில் அதையும் அடிபட்டது என்றே நினைத்தேன். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சூளையில் அடுக்கும்போது நடுவில் ஒரு மண் முக்காலியை வைப்பார்களாம். சுட்டு முடித்து அதைத் தட்டியெடுத்தால் அதன் மூன்று கால்களும் இருந்த இடம் தழும்பாக நின்றுவிடும். பழைய ஃபெஸ் தட்டுகளின் முகத்தில் அந்த மூன்று புள்ளிகளைத் தேடிப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு.

இந்தத் தொழிலில் கை தேர்ந்தவரை அங்கே 'மஅல்லெம்' என்று அழைக்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர், ஆசான் என்று பொருள். கப்பலுக்கு வழி சொல்லும் ஆசானையும் அரபுக் கடலோடிகள் அதே சொல்லால் அழைத்தார்கள். அதுதான் நம் மொழியில் மாலுமி. ஃபெஸ்ஸில் சக்கரத்தின்முன் உட்கார்ந்திருப்பவரும் நம் துறைமுகத்தில் சுக்கான் பிடித்தவரும் பெயரளவில் ஒருவரே என்று அறிந்தபோது, இரண்டு ஊரையும் இணைத்த மனிதர் யாராவது உண்டா என்று தேடத் தோன்றியது.

உண்டு. இப்னு பத்தூதா. மொரோக்கோவின் தாஞ்சியரில் பிறந்து, 1325-ல் 21 வயதில் மக்காவுக்கென்று கிளம்பியவர். டில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் காஜியாக இருந்தார். துக்ளக் அவரைத் தூதராகச் சீனாவுக்கு அனுப்ப, கள்ளிக்கோட்டையில் கப்பல்கள் புயலில் சிதறின. மாலத்தீவுக்குப் போனார், இலங்கையில் சிவனொளிபாத மலை ஏறினார். அங்கிருந்து கிளம்பிய கப்பலும் ஆழமில்லாத கடலில் சிக்கி உடைய, 1340-களின் நடுவில் தமிழ்க் கரையில் வந்து ஒதுங்கினார். அரபியர் இந்தக் கரையை மாபர் என்றார்கள். மதுரையில் அப்போது சுல்தானாக இருந்தவர் கியாசுத்தீன் தாம்கானி. இப்னு பத்தூதா டில்லியில் மணந்த பெண்ணின் சகோதரிதான் சுல்தானின் மனைவி. அந்த உறவையும் மீறி, சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை அவர் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். அதற்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு.

மதுரையை அப்போது கொள்ளைநோய் வாட்டிக்கொண்டிருந்தது. அவருக்கும் கடும் காய்ச்சல், பிழைக்கமாட்டோம் என்றே நினைத்துவிட்டார். காப்பாற்றியது புளி. இங்கே ஏராளமாகக் கிடைக்கிறதே என்று தோன்றி, அதை நிறையத் தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்கிறார். மூன்று நாள் வயிறு போய்க் காய்ச்சல் இறங்கியது. அரபியில் புளிக்குப் பெயர் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை. நம் ரசத்துக்குக் கரைக்கிற அதே புளிதான் உலகத்தின் பெரும் பயணிகளில் ஒருவரை மதுரையில் பிழைக்க வைத்தது.

அவர் கப்பலேறிய துறைமுகத்தை ஃபத்தன் என்று எழுதியிருக்கிறார். அழகான பெரிய ஊர், அருமையான துறை, கடலுக்குள் பருத்த மரத்தூண்களின்மேல் எழுப்பிய மரமண்டபம். அது ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று கல்வெட்டுகள் சொல்லும் ஊர். 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தபோது சீனப் பாண்டச் சில்லுகள் குவியலாகக் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவும் ஒய். சுப்பராயலுவும் அவற்றை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை 13, 14-ஆம் நூற்றாண்டுப் பொருள்கள். பச்சை மெருகு பூசிய லுங்சுவான் பாண்டங்களே அதிகம். கூடவே வெள்ளை, கூடவே நீலம் தீட்டிய வெள்ளை. தென்னந்தோப்பு மணலுக்கடியில் சீனத்து நீலம் அறுநூறு வருடத்துக்கு மேல் படுத்திருந்திருக்கிறது.

இங்கிருந்து போன இப்னு பத்தூதா சீனாவின் ஜைத்தூன் துறைமுகத்தில் இறங்கினார். இன்றைய சுவான்சௌ. அந்த ஊரில் சிவன் கோயில் ஒன்றுக்காக 1281-ல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவர் போவதற்கு அறுபது வருடம் முன்பே நம்மவர்கள் அங்கே கோயில் கட்டிக் குடியிருந்தார்கள். ஜைத்தூனிலும் கான்டனிலும்தான் சீனப் பாண்டம் செய்கிறார்கள், அது அங்கே மலிவு, அதை இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள், கடைசியில் எங்கள் மேற்கு நாடுவரைக்கும் வந்து சேருகிறது, பாண்டங்களிலேயே அது மிகச் சிறந்தது என்று எழுதினார். எங்கள் மேற்கு நாடு என்று அவர் சொல்வது மொரோக்கோவை. 1349-ல் அவர் ஃபெஸ் திரும்பினார். சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளர் எழுதி, 1355-ல் நூல் முடிந்தது. ஜைத்தூன், இந்தியா, மொரோக்கோ என்று நம் தட்டின் பாதையை அப்படியே கோடு போட்டுக் காட்டும் அந்தச் செய்தி, ஃபெஸ் நகரத்தில் உட்கார்ந்து சொல்லப்பட்டது.

ஆனால் நீலம் சீனத்தில் தொடங்கியதா என்றால், கதை பின்னோக்கி ஓடுகிறது. 9-ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ரா நகரத்துக் குயவர்கள், சீன வெள்ளைக் கிண்ணங்களைப்போலச் செய்யப் பார்த்தார்கள். அவர்களிடம் கயோலின் இல்லை. காரீயம் கலந்த மெருகில் வெள்ளீயத்தைச் சேர்த்தால் மெருகு பால்போல ஆவதைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளை கிடைத்தது. அதோடு நிற்காமல், அந்த வெள்ளையின்மேல் கோபால்ட்டால் இலையும் எழுத்தும் தீட்டினார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் அரபிக் கப்பல் ஒன்று சீனச் சரக்கோடு இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மூழ்கியது. ஆணியடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த கப்பல். 1998-ல் அது கிடைத்தபோது அறுபதாயிரம் பொருள்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் 826-ஆம் ஆண்டு பொறித்திருந்தது. அத்தனை ஆயிரத்தில் நீல-வெள்ளைத் தட்டுகள் மூன்றே மூன்று. சிங்கப்பூர் போகிற தமிழர்கள் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் அந்தச் சரக்கைப் பார்க்கலாம். அந்த மூன்று தட்டும் மேற்கத்திய வாடிக்கையாளரின் ரசனைக்காகச் சீனர்கள் செய்து பார்த்தவை என்றே தோன்றுகிறது. சீனரின் வெள்ளைக்கு ஆசைப்பட்டார்கள் அரபியர். அரபியரின் நீலத்துக்கேற்பச் சரக்குச் செய்தார்கள் சீனர்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஜிங்தெஜென் ஊர்ச் சூளைகளின் நீல-வெள்ளைப் பீங்கான் உலகை ஆண்டபோது, அதன் கோபால்ட் பாரசீகப் பக்கமிருந்து போனது. காஷான் நகரத்துக் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் 1301-ல் எழுதிய குறிப்பில், அருகிலுள்ள கம்சர் கிராமத்தில் அந்தக் கல் கிடைக்கிறது, தொழிலாளிகள் அதைச் சுலைமான் நபி கண்டெடுத்த கல் என்பார்கள் என்று இருக்கிறது.

வெள்ளைக்கான வெள்ளீயமும் எங்கோ கிடைக்க வேண்டுமே. அரபியர் மலாய்த் தீபகற்பத்துக் கலாஹ் துறைமுகத்தின் வெள்ளீயத்தைப் பெரிதாகப் பேசினார்கள். பலர் அதைக் கெடா என்கிறார்கள், நம் கடாரம். அந்த ஊர்ப் பெயரால் வெள்ளீயத்துக்கு வந்த 'கலயீ' என்ற சொல்தான், பித்தளை அண்டாவுக்குக் 'கலாய்' பூசுகிறோமே, அந்தக் கலாய் என்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது தட்டைத் திரும்ப வாங்கி, வெள்ளையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

வெள்ளை மெருகு பிறகு பஸ்ராவிலிருந்து வட ஆப்பிரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போனது. அங்கிருந்து இத்தாலி, ஹாலந்து என்று பரவி டெல்ஃப்ட் ஓடுகளாகவும் ஆனது. அது வேறு பெரிய கதை. நம்மூரில் இதைப் பார்க்கிறவர்கள் உடனே ஜெய்ப்பூர் நீலப் பாண்டமா என்று கேட்கிறார்கள். இரண்டும் வேறு. ஜெய்ப்பூர்ப் பாண்டத்தில் களிமண்ணே பிரதானமில்லை. குவார்ட்ஸ் கல் பொடியும் கண்ணாடிப் பொடியும் பிசைந்து அச்சில் அழுத்துவது. கிருபால் சிங் ஷெகாவத் என்ற ஓவியர் உயிர்கொடுத்து மீட்ட கலை. ஃபெஸ் தட்டு சக்கரத்தில் எழுந்த மண். இவை எல்லாவற்றையும் சீனத்தின் நகல் என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பார்த்துச் செய்யத்தான் தொடங்கினார்கள். கையில் இருந்த மண் இடம் கொடுக்காததால் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. ஜிங்தெஜென் குயவர் இந்த எட்டிதழ் நட்சத்திரத்தை இந்த வேகத்தில் எழுதியிருக்கமாட்டார்.

அம்மா தட்டில் எலுமிச்சை ஊறுகாய் வைக்கலாம் என்றார். எனக்குக் காரீயம் நினைவுக்கு வந்தது. எங்கள் தெருக்கோடியில் உலோகப் பரிசோதனைக் கூடம் ஒன்று இருக்கிறது. டூல் ஸ்டீலின் தரம் பார்க்க நாங்கள் கொண்டுபோகும் இடம். எக்ஸ்-ரே துப்பாக்கியைப் பொருளின்மேல் வைத்தால் அதிலுள்ள உலோகங்கள் திரையில் வரும். துண்டில் சுற்றித் தட்டை எடுத்துப் போனேன். கூடத்தில் இருந்த தம்பி, "என்ன சார், இன்னைக்கு இரும்பு இல்லையா?" என்றபடி வாங்கி வைத்தான். வெள்ளைப் பகுதியில் காரீயமும் வெள்ளீயமும். பஸ்ராக்காரர்களின் அதே இரண்டு. நீலக் கோட்டின்மேல் வைத்தபோது கோபால்ட் எழுந்தது. பீங்கான் ஆய்வாளர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். கோபால்ட்டோடு மாங்கனீஸ் நிறைய இருந்தால் சீனத்துத் தாது, குறைவாக இருந்து இரும்பு கூடுதலாக இருந்தால் மேற்கிலிருந்து வந்தது என்று பிரிக்கிறார்கள்.

காரீயம் இருக்கும் மெருகில் புளிப்பு வைக்கக் கூடாது. எலுமிச்சை, தயிர், புளி எதுவானாலும் காரீயத்தைக் கரைத்து உணவில் இறக்கிவிடும். குழந்தைகளுக்கு அது மூளைவரை போகும் நஞ்சு. ஊறுகாய் வேண்டாம் என்றதும் அம்மா ஒத்துக்கொண்டார். புளியால் உயிர் பிழைத்தவரின் நாட்டுத் தட்டில் புளி மட்டும் வைக்க முடியாது என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பரிசோதனைக் கூடத்துத் திரையில் கோபால்ட்டைப் பார்த்தது எனக்கு முதல்முறை இல்லை. பட்டறையில் தினமும் நான் தொடுவதும் அதுதான். லேத்திலும் மில்லிங்கிலும் இரும்பை வெட்டும் கார்பைடு முனைகளை எங்கள் தொழிலில் 'விடியா' என்போம். ஜெர்மனியில் 1923-ல் கார்ல் ஷ்ரோட்டர் கண்டுபிடித்ததை, 1926-ல் க்ருப் நிறுவனம் 'வைரம்போல' என்று பொருள்படும் அந்தப் பெயரில் விற்றது. 1960-களில் துமகூரு ரோட்டிலேயே விடியா தொழிற்சாலை வந்தது. இன்று கென்னமெட்டல் என்ற பெயரில் இருக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு துகள்கள் தாமாக ஒட்டிக்கொள்ளாது. நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு கோபால்ட்டைக் கலந்து, அழுத்தி, 1400 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் கோபால்ட் இளகித் துகள்களுக்கிடையே ஓடி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பசை மாதிரி. ஃபெஸ் சூளையில் கண்ணாடிக்குள் கரைந்து நிறமாவது, இங்கே துகளுக்கிடையே புகுந்து பிடிப்பாகிறது. இரண்டு இடத்திலும் நெருப்புக்குள் போகும்போது அது கறும்பொடி.

மொரோக்கோவின் தெற்கே ஆன்டி அட்லஸ் மலையில் பூ அஸர் என்ற சுரங்கம் இருக்கிறது. மற்ற நாடுகளில் செம்புக்கோ நிக்கலுக்கோ தோண்டும்போது கூட வரும் கோபால்ட்டை, அதற்காகவே தோண்டும் மிகச் சில இடங்களில் ஒன்று. அந்த உலோகம் உலகச் சந்தையில் கலந்து எந்தப் பட்டறைக்கு வேண்டுமானாலும் வரலாம். என் கிரைண்டிங் வீலில் தெறிக்கும் பொடியில் எந்த மலை இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? அந்தப் பொடி நுரையீரலுக்குக் கேடு. கூலண்ட் இல்லாமல், முகத்தில் மாஸ்க் இல்லாமல் விடியா உரசக் கூடாது என்று என் பையன்களிடம் தினமும் சொல்கிறேன். ஃபெஸ்ஸில் காரீய மெருகைக் கலக்கும் மஅல்லெமுக்கும் இதே கவலை இருக்கும். தொழிலின் அழகைப் பேசும்போது அந்தக் கைகளையும் நெஞ்சையும் விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

போன ஆயுதபூஜைக்கு வழக்கம்போல மெஷின்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பீன்யா முழுக்க அன்று மெஷின் சத்தம் இருக்காது. மணிச்சத்தம்தான். சந்தனம் குங்குமம் வைக்கத் தட்டு தேடியபோது, அம்மா மேஜையிலிருந்து ஃபெஸ் தட்டை எடுத்துக்கொண்டார். உடைந்த விளிம்பைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி, நட்சத்திரத்தின்மேல் ஒரு வெற்றிலையைப் பரப்பி, அந்த வருடம் தேய்ந்துபோன விடியா முனைகளில் மூன்றை எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் இட்டார்.